குறிகள் இரண்டும் சரி, வண்டி மட்டும் இழுக்கவில்லை

இன்ஜினைப் பிரித்துப் போர் போட்டு, அதாவது சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கிப் புது பிஸ்டன் போட்டு வந்த வண்டி, பிரிப்பதற்கு முன்பு இருந்ததைவிட மந்தமாக ஓடினால் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். "புது பிஸ்டன், டைட்டாத்தான் இருக்கும், ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும்" என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்வது. பல சமயம் அது உண்மையும்கூட. உண்மையாக இல்லாத சமயத்தில், அந்த ஆயிரம் கிலோமீட்டருக்குள் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டே கெட்டுவிடும். எங்கள் வண்டியில் கிட்டத்தட்ட அதுதான் நடக்க இருந்தது.

வண்டி 1997 மாடல் மாருதி 800. கார்புரேட்டர் வண்டி, மூன்று சிலிண்டர், 796 சிசி, நான்கு கியர். நாங்கள் இருப்பது சேலம். ஏற்காட்டில் உறவினர் வீடு. அதனால் இன்ஜின் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளே சொல்லிவிடும். வண்டி ஆயில் குடித்து நீலப் புகை விட ஆரம்பித்ததும் இன்ஜினை இறக்கினோம். சிலிண்டரைப் போர் செய்து 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டாயிற்று. புது ரிங், புது பேரிங், வால்வு சீட்டிங், புது டைமிங் பெல்ட் (கிராங்கையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டையும் இணைக்கும் பல் பெல்ட்), முன்னும் பின்னும் புது ஆயில் சீல். போர் வேலையைச் செய்தது ஒரு லேத் பட்டறை, இன்ஜினைக் கட்டியது வேறொரு பட்டறை. இரண்டு கை மாறிய வேலையில் வரும் வில்லங்கம் தனி: ஏதாவது தப்பு என்றால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார்.

வண்டி வந்ததும் ஸ்டார்ட் ஆவதில் குறையில்லை. ஐடிலில் மட்டும் கொஞ்சம் தடுமாறியது. சமதளத்தில் மெதுவாக ஓட்டினால் ஒன்றும் தெரியாது. இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால்தான் விஷயம் புரியும்: சத்தம் ஏறும், வேகம் ஏறாது. முன்பு இரண்டாவது கியரிலேயே திரும்பிய வளைவுகளில் முதல் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. அதிவேகத்தில் அவ்வளவு மோசமில்லை. கீழ் வேகத்தில்தான் இழுவை சுத்தமாகப் போயிருந்தது. இந்த வித்தியாசம் ஒரு முக்கியமான தடயம் என்பது பிறகுதான் புரிந்தது.

கூடவே ஐடிலில் ஒரு சத்தம். 'கட கட' என்று, ஆனால் ஒரே சீராக இல்லாமல். ரேஸ் செய்தால் குறையும், ஆக்சிலேட்டரை விட்டதும் ஒரு விநாடி பலமாக வந்து அடங்கும்.

கட்டிய பட்டறையில் முதலில் ஆயிரம் கிலோமீட்டர் கணக்குச் சொன்னார்கள். அப்புறம் கார்புரேட்டரைக் கழற்றி ஜெட் ஊதினார்கள், பிளக் மாற்றினார்கள், டேப்பட்டை, அதாவது வால்வு இடைவெளியை, மறுபடி அட்ஜஸ்ட் செய்தார்கள். பெட்ரோல் பம்ப் ஒன்றும் புதிதாக வந்தது. எதுவும் மாறவில்லை. தெரிந்த இன்னொருவர் பானெட்டைத் திறந்து காது கொடுத்துவிட்டு, "பிக் எண்ட் பேரிங் போயிருச்சுங்க, மறுபடி இறக்கணும்" என்றார். அதைக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் முகம் தொங்கிவிட்டது. இன்ஜினை இறக்குவது என்றால் வெறும் கூலி மட்டுமல்ல; புது கேஸ்கெட் செட், ஆயில், கூலன்ட் எல்லாம் மறுபடி.

என் கருத்து இதுதான்: சத்தத்தைக் காதால் மட்டும் கேட்டு இன்ஜினை இறக்கச் சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்கக் கூடாது. காது தேவைதான். ஆனால் இன்ஜினை இறக்காமலே செய்யக்கூடிய சோதனைகள் நிறைய இருக்கின்றன, பெரும்பாலானவற்றுக்கு அரை நாள் போதும். எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒருவர் பஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கேஜ்கள் எல்லாம் சொந்தமாக இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை அவர் வீட்டு வாசலில் நிறுத்தினோம். எடுத்ததுமே அவர் சொன்னது: "சத்தம் தனி, இழுவை தனி. ரெண்டையும் தனித்தனியாப் பார்ப்போம். ஒண்ணா இருந்தா தானா வந்து சேரும்."

முதலில் சத்தம். எந்தச் சிலிண்டர் என்று பார்க்க, ஓடும்போதே பிளக் லீடுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். லீடைச் சும்மா தொங்கவிடவில்லை. ஒரு பழைய பிளக்கில் மாட்டி, அதை இன்ஜின் உலோகத்தில் தொடும்படி வைத்தார். காயிலுக்கு ஆபத்தில்லை, கைக்கும் ஆபத்தில்லை. பிக் எண்ட் பேரிங், அதாவது பிஸ்டனைக் கிராங்கோடு சேர்க்கும் கனெக்டிங் ராட்டின் பேரிங், போயிருந்தால், அந்தச் சிலிண்டரில் தீப்பொறி நின்றதும் பிஸ்டனை அழுத்தும் விசை குறைந்து சத்தமும் நன்றாகக் குறையும். பிஸ்டன் பின் தளர்ந்திருந்தாலும் சத்தம் மாறும். எங்களுக்கு மூன்றில் எதை எடுத்தாலும் இன்ஜின் தடுமாறியதே தவிர சத்தம் அப்படியே இருந்தது. ஆக, பேரிங் என்று சொன்னவர் சொன்னது அங்கேயே பாதி அடிபட்டது. மீதிப் பாதியை ஆயில் பிரஷர் அடித்தது: ஸ்விட்ச்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜ் மாட்டினோம். நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றரை கிலோ, ரேஸ் செய்தால் மூன்றுக்கு மேல். பேரிங் தேய்ந்த இன்ஜின் சூட்டில் அப்படிக் காட்டாது.

அடுத்தது தாளம். டைமிங் லைட்டை முதல் சிலிண்டர் லீடில் மாட்டினால், கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு முறை மின்னும். கேம் ஷாஃப்ட்டும் அதே கணக்குதான். ஒரு டேப்பட் மட்டும் லூஸாக இருந்தால் ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு தட்டல் வரும். மின்னலுக்கு இரண்டு தட்டல் என்றால் கிராங்க் வேகத்தில் சுற்றும் ஏதோ ஒன்று. எங்கள் சத்தம் இந்த இரண்டிலும் அடங்கவில்லை; சில நேரம் சேர்ந்து வந்தது, சில நேரம் வழி மாறிப் போனது. தாளம் தப்பிய சத்தம் பெரும்பாலும் எங்கோ ஒன்று பிடி இல்லாமல் ஆடுகிறது என்பதன் அடையாளம் என்றார் அண்ணன்.

அப்புறம் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை ஒவ்வொரு இடமாக வைத்துக் கேட்டோம். பெல்ட், புல்லி பக்கத்தில் கை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முழுக்கைச் சட்டையோடு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இதைச் செய்யக் கூடாது. வால்வு கவரில் சாதாரண டேப்பட் சத்தம். ஆயில் சம்ப்பில் ஒன்றுமில்லை. டைமிங் கவரின் கீழ்ப்பகுதியில் வைத்ததும் ஆணி அடிப்பது போலக் கேட்டது.

இடம் தெரிந்த பிறகு செய்த இரண்டு சோதனைகளை நான் யாருக்கும் சொல்வேன், காசே செலவில்லை. முதலில் ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தோம். லைட் எரிந்ததும் ஆல்டர்னேட்டரின் சுமை கூடும், அதைச் சுற்றும் வெளிப் பெல்ட் (டைமிங் பெல்ட் அல்ல) கிராங்க் புல்லியைப் பின்னுக்கு இழுக்கும். சத்தம் உடனே குறைந்தது. லைட்டை அணைத்தால் திரும்பி வந்தது. பிறகு அந்த வெளிப் பெல்ட்டையே கழற்றிவிட்டு ஓட்டினோம். இந்த வண்டியில் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது, அதனால் அரை நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. பெல்ட் இல்லாமலும் சத்தம் இருந்தது. ஆகவே ஆல்டர்னேட்டர் பேரிங் இல்லை, வாட்டர் பம்ப் இல்லை. கிராங்கின் முன்முனையில் இருக்கும் ஏதோ ஒன்று.

இங்கேயே புல்லியைக் கழற்றியிருக்கலாம். அண்ணன் விடவில்லை. "இழுவைக்கு இன்னும் பதில் வரல, தம்பி. இப்பக் கழட்டிட்டா அளவு எடுக்க முடியாது." இன்றைக்கு யோசித்தால், அவர் அன்று செய்ததிலேயே பெரிய உபகாரம் அதுதான்.

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம், எடுத்தோம். இதில் பலர் கோட்டை விடுவார்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், மூன்று பிளக்கும் வெளியே இருக்க வேண்டும், இக்னிஷன் வயரைப் பிரித்திருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். முக்கியமாக ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். மிதிக்காமல் எடுத்தால் நல்ல இன்ஜினும் கெட்டது போலக் காட்டும். எங்களுக்கு வந்தது 145, 142, 145 பிஎஸ்ஐ. புது ரிங் போட்ட இன்ஜினுக்கு இது குறைவு, ஆனால் பயப்படும் அளவுக்குக் குறைவில்லை. யோசிக்க வைத்தது வேறு: மூன்றும் கிட்டத்தட்ட ஒன்று. ரிங் சரியாக உட்காராவிட்டாலோ வால்வு ஒழுகினாலோ மூன்று சிலிண்டரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே அளவு கெட்டுப்போவது அபூர்வம். சிலிண்டர்களுக்குள் ஒரு கிலோவுக்கு மேல், அதாவது சுமார் 14 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் வந்தால்தான் தனி ஒரு சிலிண்டரைச் சந்தேகிக்க வேண்டும். பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி எடுத்தோம். ரிங் பழுதென்றால் ஆயில் இடைவெளியை அடைத்து அளவு சட்டென்று ஏறும். எங்களுக்கு ஏறியது சொற்பம். ரிங் நன்றாகவே இருக்கிறது, லேத்காரர் மேல் பழியில்லை.

இன்ஜின் காற்றை உறிஞ்சும் பலத்தை அளக்கும் வேக்குவம் கேஜ் என்ற ஒன்று நம் ஊர்ப் பட்டறைகளில் அருகிவிட்டது. கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு விஷயம் சொல்லும். இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டி ஐடிலில் விட்டால், கடல்மட்டத்தில் நல்ல இன்ஜின் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை காட்டும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறைத்துக்கொள்ள வேண்டும். சேலத்தில் ஓர் அங்குலம். ஏற்காட்டில் ஐந்து போய்விடும், அங்கே கேஜ் வைத்துப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். முள் சீரான இடைவெளியில் சட்டென்று விழுந்து எழுந்தால் ஒரு வால்வு ஒழுகுகிறது. 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து வைக்கும்போது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் சைலன்சர் அடைப்பு. எங்கள் முள் 14-இல் நின்றது, லேசான நடுக்கத்தோடு. குறைவாக, ஆனால் நிலையாக நின்றால் இரண்டு சந்தேகம்தான்: எங்காவது காற்று உள்ளே போகிறது, இல்லையென்றால் டைமிங் பின்தங்கியிருக்கிறது. மேனிஃபோல்ட் கேஸ்கெட்டைச் சுற்றி, கார்புரேட்டரின் அடியில், குழாய் மூட்டுகளில் எல்லாம் பார்த்தோம். காற்று எங்கும் போகவில்லை.

மிச்சம் டைமிங். இக்னிஷன் டைமிங்கை லைட் அடித்துப் பார்த்தால் சரியாக இருந்தது. அதாவது சராசரியாகச் சரி. கியர்பாக்ஸ் மேலிருக்கும் ரப்பர் மூடியை எடுத்தால், கிராங்கின் பின்முனையில் சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் குறி தெரியும். அந்தக் குறி ஒரே இடத்தில் நிற்காமல் நாலைந்து டிகிரிக்கு முன்னும் பின்னும் ஆடியது. தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பார்த்த அண்ணன் சிரித்துவிட்டார். அதைத் திருப்பி அட்ஜஸ்ட் செய்ய ஒரு நீள்துளை உண்டு. வழக்கமாகப் போல்ட் அந்தத் துளையின் நடுவாக்கில் வரும். இதில் கடைசி முனையில் முட்டிக்கொண்டு நின்றது. யாரோ டைமிங்கை முன்னே கொண்டுவரத் திருப்பியிருக்கிறார்கள், இடம் தீரும்வரை திருப்பியிருக்கிறார்கள். இவ்வளவு ஏன் திருப்ப வேண்டியிருக்கிறது என்று நின்று யோசிக்கவில்லை.

இந்த இடத்தில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது கேம் ஷாஃப்ட். வால்வைத் திறந்து மூடுவதும் அதுவே. கேம் ஷாஃப்ட் பிஸ்டனுக்குப் பின்தங்கினால் தீப்பொறியும் தாமதமாகும், வால்வும் தாமதமாகும். தீப்பொறியை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிச் சரிக்கட்டலாம். வால்வை அப்படிச் செய்ய முடியாது. இன்டேக் வால்வு தாமதமாக மூடினால், பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே வந்த காற்றில் கொஞ்சம் திரும்பி வெளியே போகும். அதனால்தான் மூன்று சிலிண்டரிலும் ஒரே மாதிரி கம்ப்ரஷன் குறைவு, குறைந்த வேக்குவம், கீழ் வேகத்தில் இழுவையே இல்லாமை. வேகம் கூடும்போது உள்ளே வரும் காற்றின் உந்துதல் இந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டும். மேல் வேகத்தில் வண்டி சுமாராக ஓடியதற்கு அதுதான் காரணம்.

டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். முதல் சந்தேகம் அதுவே. மறுநாள் கட்டிய பட்டறைக்கே போய்க் கேட்டோம். அவர் கவரைக் கழற்றி எங்களுக்கே காட்டினார். கேம் புல்லியின் குறி ஹெட்டில் இருக்கும் குறிக்கு நேராக, கீழே கிராங்க் டைமிங் புல்லியின் குறி அதன் குறிக்கு நேராக. "பாருங்க சார், நூல் பிடிச்ச மாதிரி இருக்கு." அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு குறியும் சரியாகவே இருந்தன.

ஆனால் அந்த இரண்டு குறிகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதை மட்டும்தான் சொல்கின்றன. பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று இரண்டுமே சொல்லாது. கிராங்கின் மேல் டைமிங் புல்லி சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று நம்பித்தான் நாம் அந்தக் குறியைப் பார்க்கிறோம். பிஸ்டனின் உண்மையான இடம் தெரிய ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும், அது கிராங்கோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டது. கேம் குறியையும் டைமிங் புல்லி குறியையும் நேராக வைத்துவிட்டு ஃப்ளைவீல் ஜன்னலில் எட்டிப் பார்த்தோம். டாப் டெட் சென்டர் குறி, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்தின் குறி, ஜன்னலைத் தாண்டிப் போயிருந்தது. பத்து டிகிரிக்குக் கொஞ்சம் மேல்.

அந்தக் குறியையும் நம்பாமல் பிஸ்டனையே கேட்டார் அண்ணன். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, அதில் ஒரு மழுங்கிய போல்ட்டை வெல்டு வைத்த ஒரு சாமான் அவரிடம் இருந்தது. அதை முதல் சிலிண்டரில் மாட்டி, மற்ற பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கையால் மெதுவாக இன்ஜினைச் சுற்றினோம். பிஸ்டன் மேலே வந்து போல்ட்டில் முட்டும். அங்கே ஃப்ளைவீலில் சாக்பீஸால் ஒரு கோடு. எதிர்ப்பக்கம் சுற்றி மறுபடி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுமையம்தான் உண்மையான டாப் டெட் சென்டர். பிளக் ஓட்டையில் ஸ்க்ரூ டிரைவரை விட்டுப் பார்ப்பதைவிட இது துல்லியம்; மேல்நிலையில் கிராங்க் பல டிகிரி சுற்றினாலும் பிஸ்டன் அசைவது கண்ணுக்கே தெரியாது. செல்ஃப் அடித்து இதைச் செய்யவே கூடாது, பிஸ்டன் தலை ஓட்டையாகிவிடும். ஃப்ளைவீல் குறியும் நாங்கள் போட்ட நடுக்கோடும் ஒத்துப்போயின.

முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, நான்காவது கியரில் போட்டு, சக்கரத்தைக் கையால் லேசாக அசைத்தபோது மிச்சமும் தெரிந்துவிட்டது. ஃப்ளைவீல் அசைகிறது, கிராங்க் புல்லி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அசைத்தால் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு புல்லியும் சேர்ந்து கிளம்புகிறது. ஐடிலில் கேட்ட அதே சத்தம்.

புல்லியைப் பிடிக்கும் நடுப் போல்ட் சாதாரண ஸ்பேனருக்கே முக்கல் முனகல் இல்லாமல் வந்துவிட்டது. அதை இறுக்க டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வேண்டும், ஃப்ளைவீலை அசையாமல் பிடிக்க ஆள் வேண்டும். முன்பக்க ஆயில் சீல் மாற்றுவதற்காக டைமிங் புல்லியைக் கழற்றியவர்கள், திருப்பிப் போட்டபோது இரண்டும் செய்யவில்லை. புல்லியை உருவியதும் உள்ளே துரு நிறத்தில் மெல்லிய பொடி; இரும்போடு இரும்பு உரசினால் வரும் பொடி. கீ, அதாவது புல்லியையும் கிராங்கையும் பொருத்தும் சிறு இரும்புத் துண்டு, ஒரு பக்கம் நசுங்கி, படிக்கட்டு மாதிரி ஆகியிருந்தது. டைமிங் புல்லியின் கீ பள்ளம் அகன்றிருந்தது.

இதில் பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: புல்லியைச் சுற்றுவது கீ என்று நினைக்கிறார்கள். கீ, புல்லியைச் சரியான இடத்தில் உட்காரவைக்க மட்டும்தான். சுமையைத் தாங்குவது போல்ட்டின் இறுக்கம். அது புல்லியைக் கிராங்கின் முகத்தோடு அழுத்தி வைக்கிறது. இறுக்கம் போனால் ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் கிராங்க் குதித்துக் கீயில் இடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி, புல்லி பின்தங்கும். நம் ஊர்ச் சின்னக் கார்களுக்கு மட்டும் வரும் தொல்லை என்று நினைக்க வேண்டாம். மாஸ்டாவின் எம்எக்ஸ்-5, அமெரிக்காவில் மியாட்டா என்று விற்றது, அதில் 1990, 1991 மாடல் 1.6 லிட்டர் இன்ஜின்களில் இதே வியாதி பேர்போனது. முதலில் வந்த கிராங்குகளின் முன்முனை குட்டையானது. டைமிங் பெல்ட் மாற்றிவிட்டுப் போல்ட்டைச் சரியாக இறுக்காவிட்டால் கீ பள்ளமே தின்னப்பட்டுவிடும். 1991-இல் முன்முனையை நீளமாக்கினார்கள். எங்கள் வண்டியில் தயாரிப்புக் குறை எதுவும் இல்லை. முழுக்க இறுக்காத போல்ட்டின் வேலை.

கிராங்க் எப்படி இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. போர் போட்ட லேத் மேஸ்திரியையே கூட்டிவந்து காட்டினோம். பள்ளத்தின் ஒரு விளிம்பு கொஞ்சம் பிதுங்கியிருந்தது, அவ்வளவுதான். புதுக் கீயை வைத்துப் பார்த்தார், ஆடாமல் உட்கார்ந்தது. நுண் அரத்தால் பிதுங்கலை மட்டும் தேய்த்தார். "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தீங்கன்னா கிராங்கை வெளியில எடுத்திருக்கணும்" என்றார். பள்ளம் அகன்றுபோன கிராங்குக்கு வெல்டு வைத்துப் புதுப் பள்ளம் வெட்டுகிறார்கள்; சூட்டில் கிராங்க் வளையும் அபாயம் உண்டு என்பதால் அது எல்லா லேத்திலும் கொடுக்கக்கூடிய வேலை இல்லை.

புது டைமிங் புல்லி, புதுக் கீ, புதுப் போல்ட் போட்டோம். மூன்றும் சேர்த்து ஆன செலவு, இன்ஜினை மறுபடி இறக்கும் கூலியில் ஒரு சிறு பங்குகூட இல்லை. புல்லியும் கிராங்கும் சேரும் முகங்களைப் பெட்ரோல் விட்டுத் துடைத்து, ஆயில் பிசுக்கு இல்லாமல் செய்தோம். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, அந்த வழியாக ஃப்ளைவீல் பற்களில் தாங்கு கொடுத்து, மேனுவலில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்கினோம். கியரில் போட்டு யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லியும் பிடிக்கலாம், ஆனால் டயர் கொடுக்கும். போல்ட் தலையிலிருந்து புல்லிவரை வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்தார் அண்ணன். போல்ட் நகர்ந்தால் கோடு உடையும், டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.

டைமிங் பெல்ட்டை மாட்டி, இந்தத் தடவை மூன்று குறியையும் பார்த்தோம்: கேம், டைமிங் புல்லி, ஃப்ளைவீல். டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட் நீள்துளையின் நடுவுக்கு வந்தது. கம்ப்ரஷன் 160, 158, 160. வேக்குவம் 18, முள்ளில் நடுக்கம் இல்லை. குறையை மறைக்க முன்பு கார்புரேட்டரில் பெட்ரோலைக் கூட்டி வைத்திருந்தார்கள். அதைக் குறைத்து ஐடிலையும் சரிசெய்தோம். பழுதைச் சரிசெய்த பிறகு, அதற்காக முன்பு செய்த சமாளிப்புகளையும் ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் பிளக் கறுத்து, அடுத்த மாதம் புதுச் சந்தேகம் கிளம்பும். ஏற்காட்டு வளைவுகளில் பழையபடி இரண்டாவது கியர்.

கட்டிய பட்டறைக்காரரிடம் நசுங்கிய கீயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சண்டை எதுவும் போடவில்லை. அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கூலியில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். பெட்ரோல் பம்ப் காசும் கொடுத்தார், அதை நான் கேட்கவே இல்லை.

இன்ஜின் வேலைக்கு வண்டி கொடுப்பவர்கள், எடுக்கும்போது பட்டறையில் கேட்க வேண்டியது கம்ப்ரஷன் அளவு. முதல் நாளே மூன்று எண்ணையும் பில்லின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு எது நடந்தாலும் ஒப்பிட ஒன்று இருக்கும். ஹெட் போல்ட், கிராங்க் புல்லி போல்ட், ஃப்ளைவீல் போல்ட் மூன்றையும் டார்க் ரெஞ்ச்சில் இறுக்கினார்களா என்று நேராகக் கேளுங்கள். "கை பழக்கம்தான் சார்" என்று பதில் வந்தால், உங்கள் கண் முன்னால் ஒரு முறை ரெஞ்ச் வைத்துக் காட்டச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டியானால் அதன் போல்ட் நீள்துளையில் எங்கே நிற்கிறது என்று நீங்களே பார்த்துவிடலாம். கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோல் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ வண்டிகள் பலவற்றில் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்காது. கேம் சென்சார், கிராங்க் சென்சார் இரண்டும் உள்ள வண்டியில் இதே பழுது வந்தால், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று ஸ்கேனரில் பழுதுக் குறியீடு காட்ட வாய்ப்புண்டு. அதைப் பார்த்ததும் சென்சாரை மாற்றிவிட்டு அனுப்புபவர்களும் இருக்கிறார்கள், ஜாக்கிரதை.

முதல் ஆயிலை ஐந்நூறு கிலோமீட்டரில் மாற்றியபோது போல்ட்டில் மறுபடி ரெஞ்ச் வைத்துப் பார்த்தோம். நகரவில்லை, பெயின்ட் கோடும் உடையவில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் லேசான ஒரு தட்டல் இன்னும் இருக்கிறது, ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். குளிர்ந்த நிலையில் புது பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியால் வருவது என்றும், சூடான பிறகும் கேட்டால் மட்டும் வண்டியைக் கொண்டுவரச் சொல்லியும் லேத் மேஸ்திரி சொல்லியிருக்கிறார்.